'கப்பம்' என்னும் ஒரு சொல்: சீனப் பேரரசும் அதன் அண்டை நாடுகளும்

சீன அரச வம்சங்களின் வரலாற்று நூல்களைப் பயில்வோர் அடிக்கடி சந்திக்கும் சொல் ஒன்று உண்டு. 'குங்' என்பது அச்சொல். தாழ்ந்தவன் உயர்ந்தவன்முன் பணிந்து கொணர்ந்து வைக்கும் பொருள் என்று அதற்குப் பொருள் கூறுவர். 'கப்பம்' என்றோ 'திறை' என்றோ நாம் அதனைத் தமிழில் வழங்கலாம். ஒரு வம்சம் வீழ்ந்தபின், அதன் இடத்தில் வந்த வம்சம் முந்தியதன் வரலாற்றை அறிஞர் குழு ஒன்றைக்கொண்டு எழுதுவிப்பது சீனாவின் நீண்ட மரபாகும். அந்நூல்களின் இறுதிப் பகுதியில் அயல்நாடுகள் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். இன்ன ஆண்டில் இன்ன நாட்டார் வந்தனர், குங் செலுத்தினர், பேரரசர் மனமிரங்கிப் பரிசளித்தார் என்னும் வாசகமே நாட்டுக்கு நாடு திரும்பத் திரும்ப வரும். இவற்றை மட்டும் வாசிப்பவருக்கு உலகமனைத்தும் ஒரே அரியணையை நோக்கி மண்டியிட்டிருந்ததாகத் தோன்றும். அத்தோற்றம் எவ்வளவு உண்மை என்பதே சீனாவையும் அதன் அயலாரையும் பற்றிக் கடந்த எண்பது ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சியின் நடு வினா.

இவ்வாராய்ச்சிக்கு உருவம் கொடுத்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபேர்பேங்க் ஆவார். அவரும் டெங் என்னும் சீன அறிஞரும் சேர்ந்து 1941இல் சிங் வம்சத்தின் (1644–1912) கப்ப முறையைக் குறித்து விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். பின்னர் 1968இல் ஃபேர்பேங்கைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'சீன உலக ஒழுங்கு' என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு தொகுப்பு நூல் வெளிவந்தது. சீனர் தம் நாட்டை நாகரிகத்தின் நடுவிடமாகக் கண்டனர். அயலாரோடு கொண்ட உறவை ஏற்றத்தாழ்வு அமைந்த ஒரு குடும்ப உறவாகவே எண்ணினர். சமமான நாடுகள் என்னும் கருத்து அவர்களுக்கு இல்லை. ஆகவேதான் 19ஆம் நூற்றாண்டில் மேனாட்டார் வந்தபோது அவர்களை எதிர்கொள்ள அறியாது தடுமாறினர் என்பது அவரது விளக்கத்தின் சாரம். தெளிவும் அழகும் உள்ள விளக்கம் இது. பல தலைமுறை மாணவர் இதனைக் கற்றுத் தேர்ந்தனர்.

ஆயினும் இவ்விளக்கம் பெரும்பாலும் எதன்மீது கட்டப்பட்டது என்பதை நோக்க வேண்டும். சிங் அரசின் சட்டத் தொகுப்புகளே அதன் அடித்தளம். எந்த நாடு எத்தனை ஆண்டுக்கொருமுறை வரவேண்டும், எவ்வழியே வரவேண்டும், எத்தனை பேர் வரலாம், எத்தனை முறை நெற்றி நிலத்தில் படவேண்டும் என்றெல்லாம் அத்தொகுப்புகள் வகுத்துரைக்கின்றன. ஒரு திருச்சபையின் விதிமுறை நூலை மட்டும் வாசித்துவிட்டு அச்சபையாரின் வாழ்வை எழுதத் துணிபவருக்கு நேரக்கூடியது என்ன என்பதை இவ்விதழின் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. மேலும், அதே 1968ஆம் ஆண்டுத் தொகுப்பிலேயே மத்திய ஆசிய உறவுகளை எழுதிய ஜோசஃப் ஃப்ளெச்சர், மிங் வம்சத்தின் யுங்லோ பேரரசர் ஹெராத்தில் ஆண்ட தைமூரின் மகன் ஷாருக்குக்கு எழுதிய மடலொன்றில் அவரைத் தமக்கு நிகரான அரசராகவே விளித்தார் எனச் சுட்டிக்காட்டியிருந்தார். எதிர்ச்சான்று வீட்டுக்குள்ளேயே இருந்தது எனலாம்.

விதிமுறைக்கும் நடைமுறைக்கும் உள்ள தொலைவை யாவரும் காணச் செய்தது சுங் வம்சத்தின் (960–1279) வரலாறு. சீனாவின் வடக்கே கித்தான் இனத்தார் லியாவ் என்னும் பேரரசை நிறுவி வலுப்பெற்றிருந்தனர். 1004ஆம் ஆண்டின் இறுதியில் லியாவ் பேரரசரும் அவர்தம் தாயாரும் பெரும்படையுடன் மஞ்சள் ஆற்றங்கரையிலுள்ள சான்யுவான் வரை வந்துவிட்டனர். சுங் பேரரசர் சென்சுங் அமைச்சரின் வற்புறுத்தலால் போர்முனைக்குச் சென்றார். எந்தப் பக்கமும் வெல்ல இயலாத நிலையில் 1005ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உடன்படிக்கை முடிந்தது. அதன்படி சுங் அரசு ஆண்டுதோறும் 2 இலட்சம் சுருள் பட்டும் 1 இலட்சம் தேல் எடை வெள்ளியும் வடக்கே அனுப்ப வேண்டும். இரு பேரரசரும் ஒருவரையொருவர் சகோதரராகக் கொள்ள வேண்டும். வயதில் மூத்த சென்சுங் தமையன், லியாவ் பேரரசர் தம்பி. தம்பியின் தாயாரைத் தமையன் சிற்றன்னையாக மதித்து எழுதினார். 'வட அரசவை', 'தென் அரசவை' என்று மடல்களில் குறித்துக்கொண்டனர். புத்தாண்டுக்கும் பிறந்தநாளுக்கும் தூதர் சென்று வந்தனர். வானத்தின்கீழ் ஒரே பேரரசர் உண்டு என்று கற்பித்த நாட்டில் இரு பேரரசர் நூறாண்டுக்கும் மேலாகச் சமாதானமாக இருந்தனர்.

இவ்வுறவில் என்னை மிகவும் கவர்வது 1042ஆம் ஆண்டு நடந்த சொற்போர். சுங் அரசு மேற்கே டாங்குட் மக்களோடு போரிட்டு இளைத்திருந்த வேளையில், லியாவ் அரசு கூடுதல் தொகை கேட்டது. பேச்சுவார்த்தைக்குச் சென்ற ஃபூ பி என்பவர் ஆண்டுத் தொகையில் பட்டு 1 இலட்சமும் வெள்ளி 1 இலட்சமும் கூட்டிக் கொடுக்க இணங்கினார். தடை அங்கே எழவில்லை. கொடுப்பதை எச்சொல்லால் குறிப்பது என்பதிலேயே எழுந்தது. கீழோர் மேலோருக்குப் 'படைப்பது' என்னும் பொருளுடைய சொல்லை லியாவ் கேட்டது. ஃபூ பி மறுத்தார். 'உட்செலுத்துவது' என்னும் பொருளுடைய 'நா' என்னும் சொல்லாவது வேண்டும் என்றனர். அதனையும் அவர் மறுத்தார். ஆனால் அவருடைய பேரரசர் 'நா' என்பதற்கு இணங்கிவிட்டார். 2 இலட்சம் அளவுப் பொருளை விட்டுக்கொடுத்த அரசு ஓரெழுத்துக்காக வாரக்கணக்கில் வழக்காடிற்று என்றால், சொல் அவர்களுக்கு வெறும் சொல்லன்று என்பது புலனாகும்.

கதை அத்துடன் முடியவில்லை. சுங் தரப்பு ஆவணங்கள் 'நா' என்று ஒப்புக்கொள்ளப்பட்டதாகக் கூற, லியாவ் வரலாற்று நூலோ அன்று தீர்மானமான சொல் 'குங்' என்றே எழுதுகிறது. சுங் வரலாறும் லியாவ் வரலாறும் மங்கோலியர் ஆட்சியில், 1343 முதல் 1345 வரையிலான மூன்றே ஆண்டுகளில், ஒரே தலைமையின் கீழ்த் தொகுக்கப்பட்டவை. ஒரே அலுவலகத்திலிருந்து வெளிவந்த இரு நூல்கள் ஒரே நிகழ்ச்சிக்கு இரு சொற்களை வைத்திருக்கின்றன. எசேக்கியா அசீரிய அரசனுக்குக் கொடுத்த வெள்ளி இராஜாக்களின் புத்தகத்தில் 300 தாலந்து என்றும் சனகெரிபின் களிமண் பட்டயத்தில் 800 தாலந்து என்றும் இருப்பதை அறிந்த நம் மாணவருக்கு இது புதிதாயிராது.

பின்னர் நிலைமை தலைகீழானது. ஜுர்ச்சென் இனத்தார் லியாவ் அரசை வீழ்த்தித் தம் ஜின் அரசை நிறுவினர். 1127இல் சுங் தலைநகரையும் கைப்பற்றினர். தெற்கே ஒதுங்கிய சுங் பேரரசர் 1141ஆம் ஆண்டு உடன்படிக்கையில் ஜின் அரசருக்குத் தம்மை 'அடியவன்' என்று எழுதிக்கொடுத்தார். ஆண்டுதோறும் அனுப்பிய 2,50,000 தேல் வெள்ளியும் 2,50,000 சுருள் பட்டும் 'குங்' என்றே பெயர் பெற்றன. கப்பம் சீனாவை நோக்கி மட்டும் பாய்ந்தது என்னும் எண்ணத்துக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டுவதில்லை. மாரிஸ் ரோசாபி 1983இல் பதிப்பித்த கட்டுரைத் தொகுப்பு 10 முதல் 14ஆம் நூற்றாண்டு வரையிலான இக்காலத்தை எடுத்து, சீனா பல நிகரான அரசுகளுள் ஒன்றாயிருந்தது என நிறுவியது. அரசவையின் வீறாப்பு மொழிக்கும் அதன் நடைமுறை அறிவுக்கும் உள்ள வேறுபாட்டை அதில் வாங் குங்வு நுட்பமாக எடுத்துரைத்தார். வலிமை குன்றியபோதும் மொழி குன்றவில்லை. லியாவ் அரசருக்கு 'தம்பி' என்று மடல் எழுதிய அதே அதிகாரிகள், தமக்குள் எழுதிய குறிப்புகளில் அவர்களைக் 'கொள்ளையர்' என்றே இகழ்ந்தனர்.

அயலார் தரப்பு என்ன சொல்லிற்று என்று கேட்பது இயல்பு. கொரியா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சீனாவுக்கு மிகவும் ஒழுங்காகக் கப்பம் செலுத்திய நாடு என்று பெயர் பெற்றது அது. 1637இல் மஞ்சு படை கொரிய அரசரைப் பணியவைத்தது. அப்பணிவின் நினைவாக 1639இல் ஹான் ஆற்றங்கரையில் நாட்டப்பட்ட கல்வெட்டு மஞ்சு, மங்கோலியம், சீனம் ஆகிய மும்மொழிகளில் பேரரசரின் அருளைப் புகழ்கிறது. இன்றும் அது சியோல் நகரில் நிற்கிறது. ஆண்டுதோறும் தூதர் பீக்கிங் சென்றனர். ஆனால் 1704இல் அதே கொரிய அரசவை தன் அரண்மனைத் தோட்டத்துள், சிங் தூதர் கண்படாத இடத்தில், மறைந்துபோன மிங் பேரரசருக்குப் பலிபீடம் ஒன்றை எழுப்பி வழிபடலாயிற்று. கற்றோர் பலர் தனி எழுத்துகளில் அழிந்துபோன மிங் ஆட்சியின் ஆண்டுக் கணக்கையே தொடர்ந்து வழங்கினர். சிங் ஆவணத்தில் அவர்கள் உண்மையுள்ள அடியவர். தம் ஆவணத்தில் அவர்களே மெய்யான நாகரிகத்தின் எஞ்சிய காவலர். ரியூக்யூ தீவுகளின் செய்தி இன்னும் விந்தையானது. 1609இல் ஜப்பானின் சத்சுமா படை அத்தீவுகளைக் கைப்பற்றியது. எனினும் சீனாவோடு வாணிகம் தொடரவேண்டி, சீனத் தூதர் வரும் நாட்களில் ஜப்பானியர் ஒளிந்துகொண்டனர். சீன அரசவைக்கு அத்தீவுகள் தனியரசாகவே காட்சியளித்தன. வியட்நாம் அரசர்களோ சீனருக்கு எழுதும் மடலில் 'அரசர்', தம் நாட்டுக்குள் 'பேரரசர்'.

இத்தொடரில் சோழரும் ஓரிடம் பெறுகின்றனர். சுங் ஆவணங்கள் 'சூலியன்' என்று குறிக்கும் சோழ நாட்டிலிருந்து 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் தூதுக்குழுக்கள் சென்றன. 1077இல் சென்ற 72 பேர் கண்ணாடிப் பொருள், கற்பூரம், யானைத் தந்தம், கிராம்பு முதலியவற்றைப் படைத்து, 81,800 சரம் செப்புக்காசு பெற்றுத் திரும்பினர். பெயர் கப்பம், நடந்தது நல்ல வாணிகம் என்று நீலகண்ட சாஸ்திரியார் போன்றோர் கருதினர். ஆனால் அதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது 1106ஆம் ஆண்டுக் குறிப்பு. அவ்வாண்டு பாகான் நாட்டுத் தூதர் வந்தபோது, சோழத் தூதருக்குக் காட்டிய அதே மரியாதையைக் காட்டும்படி பேரரசர் ஆணையிட்டார். சடங்கு அமைச்சகம் குறுக்கிட்டது. சோழ நாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கியது. ஆகவே அதற்குத் தடித்த சாதாரணத் தாளில் மடல் எழுதினோம். பாகானோ பெரிய அரசு. அதற்கு உயர்ந்த தாள் வேண்டும் என்றது. 1025இல் இராசேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தைத் தாக்கியதைத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு கூறுகிறது. வென்றவர் அடங்கியவராகவும் தோற்றவர் மேலவராகவும் சீன ஏட்டில் எழுதப்பட்டது எங்ஙனம்? சீனத் துறைமுகங்களில் நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தவர் ஸ்ரீவிஜயத்தாரே. இடைநின்று செய்தி சொன்னவர் தமக்கேற்பச் சொல்லியிருப்பர் என்பது இதனை விரிவாக ஆய்ந்த தான்சென் சென்னின் விளக்கம். அரசவை பொய் எழுதவில்லை. தனக்குச் சொல்லப்பட்டதை எழுதிற்று.

இடைநின்று சொல்பவர் என்றதும் மொழிபெயர்ப்பாளரைப் பற்றிப் பேசியாக வேண்டும். இங்குத் திருச்சபையின் வரலாறும் நேரடியாக உட்புகுகிறது. 1689இல் சிங் அரசும் ரஷ்யாவும் நெர்ச்சின்ஸ்க் நகரில் நிகரான இரு நாடுகளாக எல்லை உடன்படிக்கை செய்தபோது, இடையே நின்று பேசியவர்கள் பெரேரா, ஜெர்பியோன் என்னும் இயேசு சபைக் குருமார். உடன்படிக்கையின் முதன்மைப் படி இலத்தீனில் அமைந்தது. 1793இல் பிரிட்டிஷ் தூதர் மக்கார்ட்னி சியன்லுங் பேரரசரைக் காணச் சென்றபோது மொழிபெயர்த்தவர் லீ சுபியாவ் என்னும் சீனக் கத்தோலிக்கக் குருவானவர். சீனாவின் வடமேற்கில் பிறந்து, சிறுவனாகவே நேப்பிள்ஸ் சென்று குருத்துவக் கல்வி பெற்றவர். தூதர் சென்ற படகுகளின் கொடிகளில் 'கப்பம் கொணரும் தூதர்' என எழுதியிருந்ததை மக்கார்ட்னி அறிந்தும் அறியாதவர்போல் இருந்தார். அவர் ஒரு முழந்தாள் மட்டுமே மடக்கினார், பேரரசர் ஏற்றுக்கொண்டார். பேரரசர் மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு விடுத்த மடல், சீனரின் செருக்குக்கும் அறியாமைக்கும் சான்றாக ஒரு நூற்றாண்டாகக் காட்டப்பட்டு வருகிறது. ஹென்ரியட்டா ஹாரிசன் 2017இல் வெளியிட்ட ஆய்வு இதனை அசைத்துவிட்டது. 1920களில் அரண்மனை ஆவணங்களை அச்சிட்ட சீன அறிஞர்கள் சடங்கு பற்றியவற்றை முன்வைத்தனர். அதே வேளையில் பேரரசர் கடற்கரைக் காவலைப் பலப்படுத்தப் பிறப்பித்த ஆணைகள் பின்தங்கின. பிரிட்டிஷாரின் படைவலிமை குறித்துப் பேரரசர் கவலையுற்றே இருந்தார் என்பது இப்போது தெரிகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 'யீ' என்னும் எழுத்தின் கதை. அயலாரைக் குறிக்க அதிகாரிகள் வழங்கிய எழுத்து அது. 1807இல் காண்டன் வந்த முதல் புராட்டஸ்டன்ட் மிஷனெரியான ராபர்ட் மாரிசன் தம் அகராதியில் அதற்கு 'அயல்நாட்டான்' என்றே பொருள் தந்தார். 1832இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் லிண்ட்சே என்பவர் கடற்கரையை ஆராயச் சென்றபோது மொழிபெயர்ப்பாளராக உடன்சென்ற மிஷனெரி குட்ஸ்லாஃப் அதனைக் 'காட்டுமிராண்டி' என்று கொண்டார். ஷாங்காய் அதிகாரியிடம் இருவரும் இதனை வழக்காடினர். முற்கால ஞான அரசராகிய ஷுன்னையே மென்சியஸ் 'கிழக்கத்து யீ' என்று குறித்திருக்கிறாரே, அதில் இழிவு எங்கே என்று அதிகாரி விடையளித்தார். அவ்விடை எடுபடவில்லை. 1858ஆம் ஆண்டுத் தியன்ஜின் உடன்படிக்கையின் 51ஆம் பிரிவு, பிரிட்டிஷ் அரசையும் குடிகளையும் குறிக்க இவ்வெழுத்தை எந்தச் சீன அரசாவணத்திலும் வழங்கலாகாது என்று தடை செய்தது. ஓர் எழுத்தின் பொருளைப் பீரங்கி முனையில் நிலைநாட்டிய செய்தி உலக வரலாற்றில் அரிது. சொல்லில் இழிவே இல்லை என்று நான் கூறவில்லை. வழங்கியோர் பலர் இகழ்ச்சியோடும் வழங்கியிருப்பர். ஆயினும் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு என்று முடிவு கட்டியது மொழியறிவு அன்று, அதிகாரமே என்னும் லிடியா லியூவின் ஆய்வு (2004) ஏற்கத்தக்கதே. அதே உடன்படிக்கையின் 8ஆம் பிரிவே சீனாவில் கிறிஸ்தவ நற்செய்தி அறிவிப்புக்குக் காப்பளித்தது. அதே குட்ஸ்லாஃப்தான் அபின் ஏற்றிய கப்பலில் நின்று துண்டுப்பிரதிகளைப் பரப்பினார். சீனத் திருச்சபை பின்னாளில் 'அயலார் சமயம்' என்ற பழியைச் சுமந்ததை ஆராய்வோர் இவ்வொற்றுமைகளைத் தவிர்க்க இயலாது.

இவ்வளவும் எழுத்து உடைய அயலாரைப் பற்றியது. எழுத்து அழிந்தவர் நிலை வேறு. 1755 முதல் 1759 வரை சிங் படைகள் மேற்கே ஜுங்கார் மங்கோலியரின் அரசை ஒழித்தன. வெற்றிக் கல்வெட்டுகள் அதனைக் கலகம் அடக்கியதாகவும் அமைதி தந்ததாகவும் புகழ்கின்றன. 1842இல் எழுதிய சீன அறிஞர் வெய் யுவான் கணக்கிட்டபடி, அம்மக்களில் நூற்றுக்கு 40 பேர் பெரியம்மையாலும் 30 பேர் படையின் வாளாலும் மாண்டனர்; 20 பேர் ரஷ்யரிடமும் கசாக்கியரிடமும் ஓடினர். பீட்டர் பெர்டியூ 2005இல் வெளியிட்ட நூல் ரஷ்ய, மஞ்சு ஆவணங்களைத் துருவி, அம்மக்களுக்கும் ஓர் அரசும் பேச்சும் நோக்கமும் இருந்தன என்று மீட்டுக்காட்டியது.

மஞ்சு ஆவணங்களின் துணையோடு எழுந்த இத்தகைய ஆய்வுகள் அமைதியாக வரவேற்கப்படவில்லை. சிங் அரசு சீனமயமானதால் அன்று, தன் உள்ளாசிய வேர்களைக் காத்ததால் நிலைத்தது என்று ஈவ்லின் ராஸ்கி 1996இல் ஆற்றிய தலைமையுரையில் கூறினார். ஹோ பிங்-டி 1998இல் அதனைக் கடுமையாக மறுத்தார். இன்றைய சீனாவின் எல்லைகளுள் பெரும்பகுதி சிங் வம்சம் வகுத்ததேயாதலால், வழக்கு வகுப்பறைக்குள் அடங்கவில்லை. ஹோவின் எதிர்ப்பில் நியாயமில்லை என்று தள்ளிவிட இயலாது. மஞ்சு மொழி ஏடும் ஓர் அரசவையின் ஏடுதான். அதிலும் அந்த அரசவையின் விருப்பம் கலந்திருக்கும்.

இறுதியாக, 1911இல் இலங்கையின் காலி நகரில் வடிகால் ஒன்றின்மேல் கிடந்த கல்லைக் குறிப்பிடலாம். இப்போது அது கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. மிங் பேரரசர் யுங்லோவின் பெயரால் 1409ஆம் ஆண்டு நாளிட்டு, கடற்படைத் தலைவர் செங் ஹே கொண்டுவந்து நாட்டியது. சீன மொழிப் பகுதி புத்தரைப் போற்றி, அவருக்கு அளித்த பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் ஆகியவற்றைப் பட்டியலிடுகிறது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும், தேய்ந்துபோன பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் காணிக்கை அளித்ததாகக் கூறுகின்றன. பட்டியல்கள் ஏறக்குறைய ஒத்தவை. இங்குக் காணிக்கை படைப்பவர் சீனப் பேரரசரே. இரண்டு ஆண்டுகள் கழிந்து, 1411இல், செங் ஹே அந்நாட்டின் தலைவர் அழகக்கோனாரைச் சிறைப்பிடித்து நான்கிங் கொண்டுசென்றார். மிங் அரசவையின் ஏடு அவரைப் பணிய மறுத்த சிற்றரசர் என்று எழுதி, பேரரசர் மன்னித்து விடுவித்தார் என முடிக்கிறது.